இறாலின் உடற்காவலும் கடற்பாசியும்

சங்கத் தமிழில் இறவு, இறா, இறால் என மூவகை வடிவில் வழங்கும் சொல் ஒன்றே. நெய்தற் பாடல்களில் கழிக்கரைப் பறவைகள் தேடியுண்ணும் இரையாக இது அடிக்கடி வரும். இறால் என்னும் வடிவிற்குத் தேனடை என்னும் வேறொரு பொருளும் உண்டு. மலைபடு பொருளுக்கும் கடல்படு பொருளுக்கும் ஒரே ஒலிவடிவம் வாய்த்ததை வகுப்பில் கூறும்போது மாணவர் வியப்பர். பாசி என்னும் சொல்லின் வரலாறும் சுவையானதே. குறுந்தொகையின் 399ஆம் பாடல் தலைவியின் பசலைக்கு ஊருணிப் பாசியை உவமை கூறுகிறது. பசுமையடியாகப் பிறந்த இச்சொல்லைப் பழுப்பும் சிவப்புமான கடல்வாழ் தாவரங்களுக்கும் நம் மீனவர் ஏற்றிக் கூறுகின்றனர்.

இவ்விரு பழஞ்சொற்களும் இன்று ஒரே பொட்டலத்தின்மீது அருகருகே காணப்படுகின்றன. இறால் பண்ணைகளுக்குத் தீவனமும் மருந்தும் விற்கும் கடைகளில், கடற்பாசிச் சாறு கலந்தது என்றும் நோய் எதிர்ப்புச் சக்தி தருவது என்றும் விளம்பரம் தாங்கிய பொருள்கள் உள. நோய் எதிர்ப்பு என்று தமிழில் எழுதிவிட்டால், படிப்பவர் நெஞ்சில் அம்மைத் தடுப்பூசியே நிழலாடும். ஒருமுறை கொடுத்தால் போதும், நோய் அண்டாது என்று எண்ணிவிடுவர். இறாலின் உடலமைப்பை நோக்கின் அவ்வாறு எண்ணுதல் பொருந்தாது. அது ஏன் பொருந்தாது என்பதையும், கடற்பாசி மெய்யாகவே செய்வது யாது என்பதையும், அதனைத் தமிழில் எவ்வாறு பிழையறக் கூறலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது விலங்கியலார் எழுத வேண்டிய பொருளன்றோ என்று வினவுவார் உளர். பொருள் அவருடையது, சொல் நம்முடையது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தோன்றிய நாள்முதல் அறிவியல் தமிழ் பற்றிப் பேசிவரும் நாம், குட்டைக் கரையில் நிற்கும் உழவரின் கையிலுள்ள பொட்டலத்தையும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

வெண்புள்ளி நோய்

புதுவைக்கு வடக்கே மரக்காணத்துக் கழிநிலத்தை ஒட்டியும், தெற்கே காரைக்கால், நாகை வட்டாரங்களிலும் உவர்நீர் இறால் குட்டைகள் உள. 1990களின் தொடக்கத்தில் கிழக்குக் கரையெங்கும் வரி இறால் வளர்ப்பு காட்டுத்தீயெனப் பரவிற்று. நான்கு திங்களில் பயன் தரும் பயிர், அயல்நாட்டுச் செலாவணி, வங்கிக் கடன் என்னும் மூன்றும் சேர்ந்து பலரை ஈர்த்தன. 1994இல் வந்தது வெண்புள்ளி நோய். 1992, 1993ஆம் ஆண்டுகளில் சீனம், தைவான், ஜப்பான் நாடுகளின் குட்டைகளை அழித்த அதே நோய்தான் அது. இறாலின் தலையோட்டின் உட்புறத்தில் சுண்ணாம்புப் பொட்டுகள் போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். தீனி எடுப்பது நின்றுபோகும். இறால்கள் கரையோரம் ஒதுங்கும். மூன்று முதல் பத்து நாள்களுக்குள் குட்டை முழுவதும் மடியும். நோய்க்குக் காரணம் ஒரு பெரிய வைரஸ். அதன் மரபுச் செய்தி ஏறத்தாழ மூன்று இலட்சம் இணை எழுத்துகளைக் கொண்டது என 2001இல் படித்தறிந்தனர். அதனைக் கொல்லும் மருந்து மட்டும் இன்றளவும் பண்ணைக்கு வந்திலது.

அக்காலத்தில் நோய் ஒருபுறமும் வழக்கு மறுபுறமுமாகப் பண்ணைகள் நெருக்குண்டன. நிலமும் குடிநீரும் உவராவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 11-12-1996 அன்று தீர்ப்பளித்தது. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2009இல் அமெரிக்கப் பசிபிக் கரையைச் சேர்ந்த வெனாமி இறாலுக்கு இசைவு கிட்டியது. நோயற்ற தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்தபின் பொரிப்பகங்களுக்கு வழங்கும் முறையும் ஏற்பட்டது. தூய குஞ்சு கிடைத்தது பெருநன்மை. ஆயினும் தூய குஞ்சினைத் தூய்மையற்ற நீரில் விட்டால் நோய் வாராது என்பதற்கு உறுதியில்லை. வெண்புள்ளி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மருந்தினைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். வைரஸுக்கு நுண்ணுயிர்க் கொல்லி பயன்படாது என்பது பாடநூற் செய்தி. இருப்பினும் அச்சத்தால் அதனைக் குட்டையில் கொட்டியவர் உண்டு. 2001, 2002ஆம் ஆண்டுகளில் குளோராம்பெனிக்கால் எச்சம் இருந்ததென ஆசிய நாடுகள் பலவற்றின் இறாலை ஐரோப்பா திருப்பி அனுப்பிற்று. கொல்லும் மருந்தின் வழி அடைபட்ட பின்னரே, இறாலின் உடலையே வலுப்படுத்தும் வழியை நோக்கிப் பலரும் திரும்பினர்.

இறாலிடம் உள்ள காவல்

1882இல் உருசிய அறிஞர் மெச்னிகாவ், இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி போன்ற உடலுடைய விண்மீன் உயிரியின் இளம்புழுவில் ரோசா முள்ளைக் குத்திவிட்டு உருப்பெருக்கியில் நோக்கினார். உடலுள் அலையும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கும் அணுக்கள் என்னும் கொள்கை அன்று பிறந்தது. 1908இல் நோபல் பரிசு இவருக்கும் ஜெர்மானியர் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எர்லிக் ஆராய்ந்தது குருதிநீரில் உண்டாகும் எதிர்ப்பொருள்களை. மனிதர் உடலில் இவ்விரு காவலும் உள. ஒரு பகைவனைக் கண்டால் அவனுக்கென்றே அளவெடுத்து ஆயுதம் செய்து, அவன் முகத்தையும் நினைவில் வைத்துக்கொள்வது எதிர்ப்பொருட் காவல். தடுப்பூசி வேலை செய்வது இந்நினைவினால்தான். மீன்களுக்கும் இஃது உண்டு. ஆகவே சால்மன் மீனுக்குத் தடுப்பூசி போடுகின்றனர்.

இறாலுக்கோ எர்லிக்கின் பாதி இல்லை. மெச்னிகாவின் பாதி மட்டுமே உண்டு. எதிர்ப்பொருள் உண்டாக்கும் அமைப்பே அதன் உடலில் இன்று.

இருக்கும் அப்பாதியும் எளியதன்று. இறாலின் குருதி குழாய்களுக்குள் மட்டும் ஓடாது உறுப்புகளைச் சூழ்ந்து பாய்வது. இரும்புக்கு மாறாகச் செம்பு ஏந்திய ஹீமோசயனின் என்னும் பொருளால் அது நீலச்சாயல் உடையது. அதில் மூவகை அணுக்கள் மிதக்கின்றன. சில விழுங்கும், சில சூழ்ந்து மூடும், மணிகள் நிறைந்த சில, அம்மணிகளை உடைத்து உள்ளிருக்கும் பொருளைக் கொட்டும். அம்மணிகளில் புரோபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி உறங்கும் நிலையில் உள்ளது. பூஞ்சையின் சுவரிலோ பாக்டீரியத்தின் சுவரிலோ உள்ள சர்க்கரைப் பொருள் பட்ட அளவில், ஒன்றையொன்று வெட்டித் திறக்கும் நொதிகளின் தொடர் ஒன்று தொடங்குகிறது. உறங்கிய நொதி எழுகிறது. கருநிறமி உண்டாகிப் பகைவனைச் சிறைப்படுத்துகிறது, புண்ணையும் மூடுகிறது. அடிபட்ட இறாலின் ஓட்டில் காணும் கரும்புள்ளி இதன் தழும்பே. நம் குபேர் அங்காடியில் பனிக்கட்டி போதாத கூடையில் இறாலின் தலை கறுத்திருப்பதைக் கண்டு, பழையது என ஒதுக்கும் இல்லத்தரசியர் அறியாமலே இந்நொதிக் குடும்பத்தின் வேலையைத்தான் காண்கின்றனர். உயிருள்ளபோது காவல் செய்தது, உயிர் போனபின் விலையைக் கெடுக்கிறது.

இக்காவல் பகைவனின் இனத்தை அறியும், ஆளை அறியாது. பூஞ்சை வந்தது என்று அறியும். எந்தப் பூஞ்சை என்று நினைவில் கொள்ளாது. எனினும் நினைவு அறவே இல்லை என்று முடித்துவிடலும் இயலாது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர் வெண்புள்ளி வைரஸின் உறைப்புரதம் ஒன்றை இறாலுக்கு ஊட்டியபோது, சில வாரங்களுக்குப் பாதுகாப்புக் கிட்டியதை 2004இல் வெளியிட்டனர். அது குறுகிய காலத்தது. மனிதரின் அம்மைத் தடுப்பூசியோடு அதனை ஒப்பிடுதல் மிகையே.

பாசியின் சுவர்

இனிப் பாசிக்கு வருவோம். அலையில் ஓயாது அடிபடும் கடற்பாசி, நிலத்துச் செடிபோல் விறைத்து நின்றால் ஒடிந்துவிடும். ஆகவே அதன் உயிரணுச் சுவர் வழவழப்பும் வளைவும் உடைய நெடுஞ்சர்க்கரைகளால் ஆனது. சிவப்புப் பாசிகளில் அகாரும் கராஜீனனும், பச்சைப் பாசிகளில் அல்வானும், பழுப்புப் பாசிகளில் அல்ஜினேட்டும் பியூகாய்டனும், சுவரிலன்றிச் சேமிப்புப் பொருளாக லாமினாரினும் உள. சுவீடன் நாட்டுக் கைலின் 1913இல் பியூகாய்டனைப் பிரித்தெடுத்தார். சர்க்கரைச் சங்கிலியில் கந்தகக் கூட்டினை அணிந்திருப்பது இதன் தனித்தன்மை.

இவை இறாலுக்கு உணவாக வேலை செய்வதினும் மிகுதியாகச் செய்தியாகவே வேலை செய்கின்றன. லாமினாரின் என்பது பூஞ்சையின் சுவரிலுள்ள குளுக்கானுக்கு நெருங்கிய உறவு. அதனைத் தொட்ட இறாலின் அணு, பூஞ்சை வந்ததென்றே கொள்கிறது. மெய்ப்பகை இல்லாதபோதே அணுக்கள் பெருகுகின்றன. விழுங்கும் ஆற்றல் கூடுகிறது. உறங்கிய நொதி விழிக்கிறது. ஊர்க்காவலரை எழுப்ப வீண்கூக்குரல் இட்டது போன்றது இச்செயல். பியூகாய்டனுக்கு இரண்டாவது வேலையும் இருத்தல் கூடும் என்பர். அதன் கந்தகக் கூட்டு எதிர்மின் ஏற்றம் உடையதாகலின், வைரஸ் வந்து ஒட்டும் இடத்தை அது மறைத்துவிடலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

பிரெஞ்சு மண்ணிலும் இதற்கோர் இணை உண்டு. பிரித்தானிக் கரையின் பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த லாமினாரினைக் கோதுமைப் பயிரின் தற்காப்பைத் தூண்டுவதற்காகத் தெளிக்க 2002இல் பிரான்சில் இசைவு வழங்கினர். அது பூஞ்சையைக் கொல்வதன்று. பயிரை விழிக்கச் செய்வது. தாவரமும் இறாலும் இவ்விடத்தில் ஒரே இலக்கணத்தில் அடங்குவது வியப்பே.

செய்து கண்டவை

ஜப்பானியர் 1998இல், ஓகினாவாக் கடற்பாசியின் பியூகாய்டனைத் தீவனத்தில் சேர்த்துக் குருமா இறாலை வெண்புள்ளியிலிருந்து பெருமளவு காத்ததை வெளியிட்டனர். 2004இல் தாய்லாந்து ஆய்வாளர், சர்காசம் என்னும் பாசியின் பியூகாய்டனை வரி இறாலுக்கு ஊட்டி இத்தகைய பயனையே கண்டனர். தைவானின் கீலுங் நகரில் உள்ள கடல்சார் பல்கலைக்கழகத்தார் அல்ஜினேட்டு, கராஜீனன், சர்காசத்தின் வெந்நீர்ச் சாறு ஆகியவற்றை வெனாமி இறாலில் சோதித்து, விப்ரியோ என்னும் பாக்டீரியத்தை எதிர்க்கும் ஆற்றல் மிகுவதைக் கண்டறிந்தனர்.

இவையனைத்தையும்விட நமக்கு அணுக்கமானது குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்தில் நடந்த பணி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் தொழில்நுட்ப மையம் அங்குள்ளது. நம் கரையின் சர்காசம் வைட்டியை அங்குள்ளோர் எடுத்துக்கொண்டனர். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாருமான இராபர்ட் வைட்டின் பெயர் தாங்கிய பாசி இது. இதன் வெந்நீர்ச் சாற்றினை ஆர்டிமியா என்னும் நுண்ணுயிர் இரைக்கு ஊட்டி, அவ்விரையை இறால் குஞ்சுக்கு ஊட்டிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. பியூகாய்டனைத் தீவனத்தில் சேர்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பாசிச்சத்து உண்ணாத இறால்கள் வைரஸ் தொற்றிய பின் முற்றாக மடிந்தன. உண்டவற்றில் ஒரு பகுதி பிழைத்தது. மடிந்தவையும் காலந்தாழ்த்தே மடிந்தன.

ஒரு பகுதி என்னும் இச்சொல்லைப் பொட்டலத்தில் யாரும் அச்சிடுவதில்லை. ஆய்வுக்கூடத் தொட்டியில் நீர் தூயது, நெருக்கம் குறைவு. குட்டையிலோ இரவில் உயிர்வளி குறையும். மழை பெய்தால் உப்பளவு சரியும். தோலுரிக்கும் நாளில் இறால் பஞ்சுபோல் மெலிந்திருக்கும். தொட்டியில் பிழைத்த பகுதி குட்டையிலும் பிழைக்கும் என்று யாரும் எழுதித்தர இயலாது.

இன்னொரு செய்தியும் உண்டு. என் கருத்தில் இதுவே தலையாயது. மிகுதியாகக் கொடுத்தால் மிகுதியாகக் காக்கும் என்பது இங்குச் செல்லாது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இந்திய வெள்ளை இறாலுக்கு ஈஸ்ட்டின் குளுக்கானை வெவ்வேறு அளவிலும் இடைவெளியிலும் ஊட்டிச் சோதித்தனர். தீவனத்தில் 0.2 விழுக்காடு சேர்த்து, ஏழு நாளைக்கு ஒருமுறை கொடுத்ததே மிகுந்த பாதுகாப்புத் தந்ததென 2009இல் எழுதினர். நாள்தோறும் கூவி எழுப்பினால் காவலர் களைத்துப்போவர் போலும். அவ்வாய்வு பாசியைப் பற்றியதன்று. எனினும் இரண்டும் ஒரே வாயிலைத் தட்டுவன. செலவில் பாதிக்கு மேல் தீவனத்திற்கே கொடுக்கும் உழவர், நாள்தோறும் கலக்குக என்னும் குறிப்பை நம்பினால் பொருளையும் இழப்பார், காவலையும் தளர்த்துவார்.

மூன்று சொற்கள்

ஆகவே சொல்லாட்சியில் ஒரு தெளிவு வேண்டும். நோய்க்கிருமியை அழிப்பது கொல்லி. அக்கிருமியை உடல் முன்கூட்டியே அறிந்துகொள்ளச் செய்வது தடுப்பு மருந்து. எக்கிருமி என்று குறியாமல் உடலின் பொதுக்காவலைச் சிலகாலம் எழுப்புவது ஊக்கி. கடற்பாசிச் சாறு இம்மூன்றாவது வகை. இதனை எதிர்ப்பூக்கி என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. நோய் எதிர்ப்புச் சக்தி தருவது என்றெழுதின், இல்லாததொன்றைப் புதிதாகக் கொடுப்பதாகப் பொருள்படும். ஊக்கி என்றால், உள்ளதை எழுப்புவது என்பதும், அவ்வெழுச்சி தணியும் என்பதும் சொல்லிலேயே அடங்கும். எப்பொழுது கொடுப்பது என்னும் வினாவும் அப்பொழுது தானே பிறக்கும். தொற்று வந்து இறால் தீனி எடுக்காது போனபின் தீவனத்தில் கலந்து யாது பயன்? குஞ்சு விட்ட தொடக்க வாரங்களிலும், மழைக்கு முன்னரும் கொடுப்பதே முறையாகும்.

சொல்லின் எல்லை வாழ்வினைத் தொடும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சான்றுண்டு. கடலில் பிடிப்பது ஆகுமானது எனத் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 96ஆம் வசனம் இசைவு தருகிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கரையோர மக்களுக்கு இறாலில் ஐயம் எழுந்ததில்லை. ஹனபி மத்ஹபில் கடலுயிரில் மீன் மட்டுமே ஆகும் என்பதால், இறால் மீன் என்னும் பெயருக்குள் அடங்குமா என்று அறிஞர் நெடிது வாதிட்டுள்ளனர். விலங்கியலார் அடங்காது என்பர். வழக்குமொழியோ இறால் மீன் என்றே கூறும். ஒரு சொல்லின் வரையறை உண்ணும் தட்டுவரை செல்லுமாயின், மருந்துப் பொட்டலத்தின் சொல் கடன் பத்திரம்வரை செல்லும் என்பதில் ஐயமில்லை.

பாசி எங்கிருந்து வரும்

சென்னைமுதல் நாகைவரை நம் கரை பெரும்பாலும் மணற்கரை. பாசி பற்றிக்கொள்ளப் பாறை வேண்டும். புதுவையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மீது இன்று பச்சைப் பாசி படர்ந்திருப்பதைக் கடற்கரைச் சாலையில் நடப்போர் காணலாம். வாழ இடம் கிடைத்தால் பாசி வந்துவிடும் என்பதற்கு அது சான்று. தொழிலுக்குப் போதிய அளவன்று.

தமிழகத்துப் பாசியின் தாய்வீடு மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணைப்புமே. இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கின்றனர். அவர்கள் இட்ட பெயர்கள் எந்த அகராதிக்கும் அணி செய்வன. அகார் தரும் மெல்லிய பாசி மரிக்கொழுந்துப் பாசி. கஞ்சி காய்ச்ச உதவுவது கஞ்சிப்பாசி. முறுமுறுப்பான உருவுடையது பக்கோடாப் பாசி. ஆய்வாளர் சர்காசம் என்பது இவர்களுக்குக் கட்டக்கோரை. அயல்நாட்டிலிருந்து வந்து மிதவைகளில் வளர்க்கப்பெறும் கப்பாபைக்கஸ், அதனை முதலில் ஊக்கிய நிறுவனத்தின் பெயரால் பெப்சிப் பாசி என்றாயிற்று. அப்பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் படர்ந்து மூடியது 2008இல் அறிவிக்கப்பட்டது.

வளைகுடாவின் 21 தீவுகள் 1986முதல் தேசியப் பூங்காவாக உள. தீவைச் சுற்றிய நீரில் இப்பெண்கள் இறங்குவது பலமுறை தடைக்குள்ளாகியுள்ளது. 2023இல் இதே மாவட்டத்து வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இறால் தீவனத்திற்குப் பியூகாய்டன் வேண்டுமெனின் வேண்டுவது கட்டக்கோரை. அதுவோ இன்றும் பெரும்பாலும் இயற்கைப் படுகையிலிருந்தே எடுக்கப்படுகிறது. மீன்குஞ்சுகள் ஒதுங்கும் காடும் அதுவே. காரைக்காலிலும் மரக்காணத்திலும் குட்டைகள் தோறும் எதிர்ப்பூக்கி கேட்கும் நாள் வந்தால், வேரோடு பிடுங்காமல் நுனியறுத்து எடுக்கும் கைப்பக்குவமும், எத்தனை நாள் விட்டு மீண்டும் அறுக்கலாம் என்னும் கணக்கும் பாம்பனைச் சூழ்ந்த ஊர்களின் பெண்களிடமே கேட்டுப் பெறத்தக்கவை. அவர்கள் சொல்லும் சொல்லிலேயே அவற்றைக் குறித்து வைக்கும் பணியை நம் துறையின் ஆய்வு மாணவர் யாரேனும் ஏற்கலாம்.